நல்ல கரி எது?

கனடாவில் கோடை பிறந்துவிட்டால் எங்கள் உறவினரின் தொலைபேசி அழைப்புகளில் இறைச்சி வாட்டும் கதையும் சேர்ந்தே வரும். சென்ற கோடையில் ஒரு நாள், அவனுக்கு ஞாயிறு காலை, எனக்கு இரவு, ரொறன்ரோவில் வாழும் என் தமையனாரின் மகன் அழைத்தான். வீட்டில் ஒன்றுகூடலாம், ஐம்பது பேர் வருகிறார்களாம். கடையின் நடுவில் நின்றபடியே பேசினான்.

“சித்தப்பா, இஞ்ச பத்து வகைக் கரி அடுக்கிக் கிடக்குது. எதை வாங்கிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் எல்லாத்தைப் பற்றியும் எழுதுறனீங்கள்தானே, சொல்லுங்கோ.”

“சிரட்டைக் கரி இருக்கோ எண்டு பார்” என்றேன்.

பைகளைப் புரட்டும் ஓசை சிறிது நேரம் கேட்டது. பிறகு சிரித்தான். “இருக்குது சித்தப்பா. இந்தோனேசியா எண்டு போட்டிருக்குது. மற்றப் பைகள் கனக்க எந்த நாட்டுக் கரியெண்டே போடேல்லை.”

அவன் சிரித்துக்கொண்டு சொன்ன அந்தக் கடைசி வசனம்தான் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்பதே எனக்குக் கற்பிக்கப்பட்ட முதற் பாடம். கரிக்கும் அந்த விதி பொருந்துமா? பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், யோசியாமல் என் வாயிலிருந்து சிரட்டைக் கரி என்ற சொல் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம் என நீண்டதொரு தடைப்பட்டியல் எங்கள் வாழ்வை ஆளத் தொடங்கியது. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கில் படித்த தலைமுறை எங்களுடையது. நான் அப்போது யாழ். பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவன். மூடியில் சேவல் பொருத்திய பழைய ஸ்திரிக்கைப் பெட்டியை அம்மா பரணிலிருந்து இறக்கித் துடைத்து எடுத்தார். அதற்குக் கரி வேண்டும். துவிச்சக்கரவண்டியில் சாக்குக் கட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் வாங்கினோம்.

பத்திரிகை அலுவலகம் ஒன்றில் எனக்கு முதலாவது நேர்முகம் கிடைத்த நாளில் அந்தக் கரி தன் குணத்தைக் காட்டியது. பெட்டிக்குள் இட்டதும் புகைந்தது, வெடித்தது, பெட்டியின் துளை வழியே தெறித்த பொறியொன்று, என்னிடமிருந்த ஒரேயொரு வெள்ளைச் சட்டையின் பையில் மிளகளவு ஓட்டை போட்டது. கோவையொன்றை நெஞ்சோடு அணைத்து ஓட்டையை மறைத்தபடியே நேர்முகத்துக்குப் போனேன். வேலை கிடைத்தது. ஆனால் அம்மாவுக்கு ஆறவில்லை. “வேகாத கரியை வித்துப்போட்டுப் போட்டான்” என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் கரியை வெளியில் வாங்கவில்லை. வளவின் மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு கிடங்கு வெட்டுவித்தார். காய்ந்த சிரட்டைகள் சிலவற்றை அடியில் பற்றவைத்து, அவை தணலாகும்போது மேலும் மேலும் சிரட்டைகளை அடுக்காக இட்டார். முதலில் வெண்புகை கண்ணைக் கரிக்கும். அது மெல்ல மெல்ல ஒல்லியாகி நீலநிறம் கொள்ளும். “புகை நீலமாகட்டும்” என்று காத்திருப்பார். நீலமானதும் தகரத்தால் மூடி, விளிம்புகளில் ஈரமண்ணை அப்பிக் காற்றுப் புகாமல் அடைப்பார். மறுநாள்தான் திறப்பார். உள்ளே கருமையாய், இலேசாய், தட்டினால் கணீரென்று ஒலிக்கும் ஓடுகள் கிடக்கும்.

அம்மாவிடம் கரியைச் சோதிக்க நான்கு வழிகள் இருந்தன. சீமெந்துத் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று விழுந்தால் அது வேகவில்லை, அல்லது ஈரம் ஊறியிருக்கிறது. உடைத்துப் பார்த்தால் உட்புறம் மினுங்க வேண்டும். மண்ணிறக் கோடு தெரிந்தால் அது இன்னும் விறகுதான். கையில் எடுத்தால் இலேசாக இருக்க வேண்டும். மோந்து பார்த்தால் எந்த மணமும் இருக்கக் கூடாது. தார் மணத்தால் அடுப்பில் நிச்சயம் புகையும்.

பிற்காலத்தில் நூல்களைப் படித்தபோது அம்மாவின் சோதனைகள் யாவும் இரசாயனம் சொல்வதோடு ஒத்துப்போவதைக் கண்டேன். போதிய காற்றில்லாமல் மரத்தைச் சூடாக்கினால் முதலில் நீர் வெளியேறுகிறது. ஏறத்தாழ 300 பாகை செல்சியசை அணுகும்போது மரம் தானே சிதையத் தொடங்கி, தாரும் வாயுக்களும் புகையாக வெளியேறுகின்றன. சுமார் 500 பாகையை எட்டும்போது எஞ்சுவதிற் பெரும்பகுதி காபன்தான். கிடங்கிலும் மண்சூளையிலும் வேகவைத்தால் நூறு கிலோ உலர்ந்த விறகிலிருந்து இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து கிலோ கரிதான் தேறும். சூளையை அவசரமாக மூடினால் தாரின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். நிறை கூடும், விற்பவருக்கு இலாபம், வாங்குபவருக்குப் புகை. சட்டையில் ஓட்டை விழுந்த கதையின் இரசாயனம் இவ்வளவுதான்.

காதால் கரியை அறியும் கலையை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றவர்கள் ஜப்பானியர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், 1688 முதல் 1704 வரை நீடித்த கென்ரோகு காலத்தில், இன்றைய வகயாமா மாகாணத்தைச் சேர்ந்த தனபேயில் பிஞ்சூயா சோசயெமோன் என்ற வணிகர் விற்ற கரி பெரும் பெயர் பெற்றது. அவர் பெயராலேயே அது இன்றும் ‘பிஞ்சோத்தான்’ எனப்படுகிறது. ‘உபமே’ எனப்படும் கடினமான ஓக் மரத்தைப் பல நாள்கள் மெதுவாக வேகவைத்து, இறுதியில் சூளைக்குள் சிறிது சிறிதாகக் காற்றை விடுவார்கள். வெப்பம் ஏறத்தாழ ஆயிரம் பாகையை எட்டும். செந்தணலாகவே வெளியே இழுத்து, ஈரமான மண்ணும் சாம்பலும் கலந்த கலவையால் மூடி அணைப்பார்கள். சாம்பல் படிந்து மேற்புறம் வெளிறிப்போவதால் அதற்கு ‘வெள்ளைக் கரி’ என்றும் பெயர். இரண்டு துண்டுகளைத் தட்டினால் உலோகம்போல ஒலிக்கும். பற்றவைப்பது சிரமம்; பற்றிக்கொண்டால் மணிக்கணக்கில் புகையின்றிச் சீராகக் கனலும். விலாங்கு மீனையும் கோழித் துண்டுகளையும் வாட்டும் கடைகள் இன்றும் அதையே நாடுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல கரிக்குத் தனக்கெனப் பெரிய சுவை எதுவும் இல்லை. கரியில் வாட்டிய சுவை என்று நாம் புகழ்வது, பெரும்பாலும் இறைச்சியின் கொழுப்பும் சாறும் தணலில் சொட்டி எழுப்பும் புகையின் சுவையே. கரியின் கடமை கடும் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான்.

தட்டிப் பார்த்தும் உடைத்துப் பார்த்தும் கரி வாங்கும் இந்தப் பழக்கத்தைப் பயனற்றதாக்கியது அமெரிக்கா. பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வொர்த் சுவோயர் என்பவர் 1897இலேயே எரிபொருட் கட்டி ஒன்றின் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் கரிக்கட்டியைப் பெரும் வணிகமாக்கியவர் மோட்டார்க் கார் மன்னர் ஹென்றி ஃபோர்ட். அக்காலக் கார்களின் உடற்சட்டத்துக்கு ஏராளமான மரம் தேவைப்பட்டது. தமது உறவுப் பெண்ணின் கணவரான எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் உதவியோடு, மிச்சிகன் மாநிலத்தின் வட பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்தை ஃபோர்ட் 1920ஐ ஒட்டிய காலத்தில் வாங்கினார். அயன் மவுன்டன் என்ற ஊருக்கு அருகே மர ஆலை எழுந்தது. எதையும் வீணாக்கப் பிடிக்காதவர் அவர். ஆலையில் குவிந்த மரத்தூளையும் துண்டுகளையும் கரியாக்கி, பொடித்து, மாப்பொருளைப் பசையாகச் சேர்த்து, தலையணை வடிவக் கட்டிகளாக அழுத்தினார்கள். கார் விற்கும் முகவர்களின் கடைகளிலேயே அவை விற்கப்பட்டன. 1951இல் அந்த ஆலை கைமாறியபோது கரிக்கு ‘கிங்ஸ்ஃபோர்ட்’ என்ற பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டு, 1952இல், சிக்காகோவுக்கு அருகே ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர் கடல்மிதவையொன்றின் அரைக்கோளத்தை வெட்டி மூடியுள்ள வாட்டடுப்பைச் செய்தார். ‘வெபர்’ அடுப்பு பிறந்த கதை அது. அடுப்பும் கரிப் பையும் சேர்ந்து அமெரிக்கக் கொல்லைப்புறங்களை ஆண்டன.

கழிவைப் பயன்படுத்தியமைக்காக ஃபோர்டைப் பாராட்டலாம். கட்டிக்கரி ஒரே அளவினது, ஒரே சீராக எரிவது. நீண்ட நேரம் மெதுவாக வாட்டுவோருக்கு ஏற்றது. ஆனால் எந்த மரம், எந்த ஊர், எப்படி வெந்தது என்று அதைத் தட்டிப் பார்த்தோ உடைத்துப் பார்த்தோ எவரும் சொல்ல முடியாது. மாப்பொருளோடு சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரிப் பொடியும் சேர்ந்த கட்டிகள் உண்டு. எளிதில் பற்றுவதற்காக எரிதிரவத்தில் தோய்த்த கட்டிகளும் உண்டு. கரி எதிலிருந்து வந்தது என்பதை இனிப் பையில் அச்சிட்ட எழுத்தைக் கொண்டே அறிய வேண்டும். எழுத்து இல்லையெனில்?

அந்தக் கேள்வியின் கசப்பான விடை சோமாலியாவில் இருக்கிறது. 1991இல் அங்கே அரசு குலைந்த பின் கரி ஏற்றுமதி பெருகியது. அக்கேசியா மரங்கள் கரியாகி, கிஸ்மாயோ போன்ற துறைமுகங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறின. அங்கே அது வாட்டடுப்புகளிலும் நீர்ப்புகைக் குழாய்களிலும் எரிந்தது. அல் சபாப் இயக்கத்துக்கு அந்த வணிகம் வருமானமாயிற்று. 2012 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தனது 2036ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் சோமாலியக் கரியின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் தடைசெய்தது. ஆயினும் வணிகம் உடனே நிற்கவில்லை. வேறு ஆபிரிக்க நாடுகளின் பெயரில் போலி மூலச் சான்றிதழ்களோடு கரி துறைமுகங்களுக்கு வந்ததை ஐ.நா. கண்காணிப்பாளர்கள் பின்னர் பதிவுசெய்தார்கள்.

அக்கேசியா கடினமான மரம். அதன் கரி நன்றாகவே எரியும். அம்மாவின் நான்கு சோதனைகளிலும் அது தேறியிருக்கும் என்பதே என்னை உறுத்துகிறது. ஓசையும் மினுக்கமும் மணமும் கரி நன்றாக வெந்ததா என்பதைச் சொல்லும். யாருடைய மரம், அந்தப் பணம் யாருடைய கைக்குப் போனது என்பதைச் சொல்லா.

நாங்கள் மட்டும் கேட்டோமா? துவிச்சக்கரவண்டியில் வந்தவரிடம் இது எந்த மரம் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்கவில்லை. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. உரியவர்கள் இடம்பெயர்ந்த வளவுகளில் நின்ற வேம்பும் மாவும் இரவோடிரவாக மறைந்தன. கரி புகைந்ததைப் பற்றி முப்பது ஆண்டுகளாகப் பேசுகிறோம். அது எவருடைய வளவிலிருந்து வந்தது என்று ஒருநாளும் பேசியதில்லை. பஞ்சத்தில் வாங்குபவனுக்குக் கேள்வி கேட்கும் வசதி இல்லை என்பது உண்மைதான். பத்து வகைப் பைகளின் நடுவில் நிற்பவனுக்கு அந்தச் சாட்டு இல்லை.

ஐரோப்பாவிலும் இந்தக் கேள்வி தாமதமாகவே எழுந்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மரப்பொருள் விதி, களவாக வெட்டிய மரத்தைத் தடுத்தது. ஆனால் கரி அதன் பட்டியலில் இருக்கவில்லை. பலகையாக வந்தால் தடை, கரியாக வந்தால் வரவேற்பு! 2023இல் நிறைவேறிய காடழிப்புத் தடுப்பு விதிதான் கரியையும் பட்டியலில் சேர்த்தது. அதன் அமுலாக்கமும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பிற்போடப்பட்டது.

தூரத்திலிருந்து வரும் கரியெல்லாம் தீயது என்று இதனால் முடிவுகட்டக் கூடாது. நமீபியாவில் புல்வெளிகளை முட்புதர்கள் விழுங்கி, கால்நடைகளுக்கு மேய்ச்சல் இல்லாமற் செய்கின்றன. அந்தப் புதர்களை வெட்டிக் கரியாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அவற்றிற் கணிசமான பகுதி காட்டு மேற்பார்வைச் சான்றிதழோடு வருகிறது. அங்கே கரி சுடுவது நிலத்துக்கு நன்மையாக அமையலாம். ஆகவே நாட்டின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அங்கே எதை வெட்டினார்கள் என்றும் அறிய வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிரட்டை தன் பெருமையைப் பெறுகிறது. சிரட்டைக் கரிக்காக எவரும் மரத்தை வெட்டுவதில்லை. தேங்காயைத் துருவியபின் எஞ்சுவது அது. அடர்த்தியானது, சாம்பல் குறைவானது, புகை மிகக் குறைவானது. 1915 ஏப்ரலில் ஈப்பர் போர்முனையில் ஜேர்மனியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதன் பின், முகக்கவசத்துக்குள் இடுவதற்கு உகந்த கரியைத் தேடிய விஞ்ஞானிகள் சிரட்டைக் கரியின் நுண்துளைகளில் நச்சு வாயு சிக்கிக்கொள்வதைக் கண்டார்கள். சிரட்டை போதாமற்போகவே, 1918இல் அமெரிக்காவில் பீச் பழ விதைகளைச் சேகரித்துத் தருமாறு மக்களிடம் கேட்டார்கள். இலங்கையில் 1973இல் தொடங்கப்பட்ட ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள், சிரட்டைக் கரியிலிருந்து நீரையும் காற்றையும் சுத்திகரிக்கும் உயிர்ப்பூட்டிய காபனைச் செய்து உலகுக்கு விற்கின்றன. எங்கள் சிரட்டைக் கரியிற் பெரும்பகுதி அடுப்புக்கு வராமல் அந்த ஆலைகளுக்கே செல்கிறது.

ஆனால் சிரட்டைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. கிடங்கில் சுடும்போது எழும் புகை அயலவரின் நெஞ்சுக்குள் போகிறது. சுடுபவர் நாள் முழுவதும் அதையே சுவாசிக்கிறார். நல்ல கரி புகையாது என்றால், அது புகைய வேண்டியதையெல்லாம் வேறொருவரின் முற்றத்தில் புகைந்து முடித்துவிட்டது என்றும் பொருள். அதை மறந்துவிடலாகாது.

கரி என் வாழ்வில் மீண்டும் நுழைந்தது 2022இல். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,500 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும், நின்றும் கிடைக்காமற் போகும். கொழும்பு மாடிக் குடியிருப்பில் விறகு எரிக்க முடியாது. சிறிய கரியடுப்பு ஒன்றை வாங்கிப் பல்கனியில் வைத்துச் சோறு சமைத்தோம். நான் பல்கனிக் கதவை வெளிப்பக்கமாகச் சாத்திவிட்டு நிற்பதைக் கண்டு வீட்டில் சிரித்தார்கள். கரியடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர் காய்ந்தவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்தியை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பக்கத்தில் இட்டிருக்கிறேன். காபன் ஓரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வரவில்லையே என்று நம்பி நல்ல கரியை வீட்டுக்குள்ளோ, மூடிய கராஜுக்குள்ளோ, கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். அணைந்ததுபோலத் தோன்றும் தணலும் அந்த வாயுவை விடும்.

இனி, கடையில் நிற்பவருக்கு என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். முதலில் பையின் பின்புறத்தைப் படியுங்கள். மரத்தின் பெயரும் நாட்டின் பெயரும் இருந்தால் அந்த விற்பனையாளருக்கு மறைக்க அதிகம் இல்லை எனலாம். ‘கடின மரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். பையை மெல்ல அசைத்துப் பாருங்கள். பெருந்துண்டுகள் மோதும் ஓசை கேட்க வேண்டும், பொடி சரியும் ஓசையன்று. விரைவாகக் கடும் வெப்பத்தில் வாட்ட வேண்டிய மீனுக்கும் மெல்லிய இறைச்சிக்கும் துண்டுக்கரி நல்லது. இரண்டு மூன்று மணி நேரம் சீராகக் கனல வேண்டுமானால் சிரட்டைக் கட்டிக்கரி நல்லது. எரிதிரவம் தோய்த்ததை வாங்காதீர்கள். அடியில் காகிதமும் மேலே கரியும் இட்டுப் பற்றவைக்கும் தகரக் குழாய் ஒன்றிருந்தால் அந்தத் திரவமே வேண்டியதில்லை. கரியின்மீது சாம்பல் பூத்த பின்னரே இறைச்சியை வையுங்கள். மிஞ்சிய கரியை ஈரம் படாமல் மூடிவையுங்கள்; ஈரக் கரி எவ்வளவு உயர்ந்த சாதியாயினும் வெடிக்கும்.

இவ்வளவையும் அன்று தொலைபேசியில் சொல்ல இயலவில்லை. “இரண்டு துண்டைத் தட்டிப் பார், பிறகு கடைக்காரரிட்டை, பேர் போடாத பை எந்த நாட்டுக் கரியெண்டு கேள்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மாலையில் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. வெண்சாம்பல் பூத்த சிரட்டைக் கட்டிகளின்மீது கோழித் துண்டுகள். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: “கேட்டனான் சித்தப்பா. அவைக்கும் தெரியாதாம். விசாரிச்சுச் சொல்லுறன் எண்டவை.”

விசாரிப்பார்களோ இல்லையோ, அந்தக் கடையில் அந்தக் கேள்வியை ஒருவன் கேட்டுவிட்டான். 1992இல் எங்கள் படலையடியில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.